தீவுகளை வாக்கியங்களால் கட்டுகிறார்கள்!

பீனிக்ஸ் பே ஜெட்டிக்கு வாருங்கள், ஒரு விளையாட்டு ஆடலாம். போர்ட் பிளேரில் (2024 முதல் அரசு ஆவணங்களில் இதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) தீவுகளுக்கிடையே ஓடும் படகுகள் கிளம்பும் துறை இது. ஹேவ்லாக் என்றே இன்னும் பலர் அழைக்கும் ஸ்வராஜ் தீவுக்கு, நீல் என்ற ஷஹீத் தீவுக்கு, லாங் ஐலண்டுக்கு என்று தினமும் ஆட்களும் மூட்டைகளும் ஏறும் இடம். கூட்டத்தில் தமிழ் தாராளமாகக் காதில் விழும். கடல் கடந்து சென்னைக்குப் போவதை இங்குள்ள தமிழர்கள் 'மெயின்லேண்டுக்குப் போறோம்' என்பார்கள்.

விளையாட்டுக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும்: 'மழை'. இங்கே இப்போது பெய்தால் மெய், பெய்யாவிட்டால் பொய். அதன் முன்னால் ஒரு சொல்லைக் கோப்போம்: 'போகுமிடமெல்லாம் மழை'. இங்கிருந்து நேராகப் படகு போகிற ஒவ்வொரு தீவிலும் பெய்தால்தான் இது மெய். அதன் தங்கை 'போகுமிடம் ஒன்றிலாவது மழை'. ஏதோ ஒரு தீவில் பெய்தால் போதும். இனி இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். 'போகுமிடமெல்லாம், போகுமிடம் ஒன்றிலாவது மழை' என்றால் என்ன? இங்கிருந்து எந்தப் படகில் ஏறி எங்கே இறங்கினாலும், அங்கிருந்து கிளம்பும் படகுகளில் ஒன்றாவது மழைக்குள் போகும். இரண்டு சொல், ஒரு வானிலை, கொஞ்சம் படகு. இவ்வளவையும் கொண்டு எத்தனை சிக்கலான உண்மைகளைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாலே எனக்குத் துள்ளல் வந்துவிடுகிறது.

இன்னொரு வேடிக்கை. அந்தமான் நிக்கோபாரில் தீவு, குட்டித்தீவு, கடலில் துருத்தி நிற்கும் பாறை எல்லாம் சேர்த்து 836. மக்கள் நிலையாக வாழ்பவை 31 மட்டுமே. படகே கிளம்பாத பாறை ஒன்றில் ஏறி நின்று 'போகுமிடமெல்லாம் மழை' என்று சொல்லிப் பாருங்கள். போகும் இடமே இல்லை. ஆகவே அந்த வாக்கியத்தைப் பொய்யாக்க ஒரு தீவும் இல்லை. அது மெய்! 'போகுமிடமெல்லாம் வெயில்' என்றால்? அதுவும் மெய்! 'போகுமிடமெல்லாம் இரண்டும் இரண்டும் ஐந்து' என்பதும் அங்கே மெய்தான். ஆனால் 'போகுமிடம் ஒன்றிலாவது மழை' அங்கே பொய். 'எல்லாவற்றிலும் என்றால் ஒன்றிலாவது இருக்குமே' என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் விதியை அந்த மொட்டைப் பாறை ஒற்றை ஆளாகக் கவிழ்த்துவிடுகிறது. இந்தப் பாறையை மறக்காதீர்கள், பிறகு தேவைப்படும்.

நாம் ஆடியது மோடல் தர்க்கம். 'போகுமிடமெல்லாம்' என்பதைத் தர்க்கவியலார் ஒரு சிறு சதுரப் பெட்டியாக எழுதுவார்கள். அந்தப் பெட்டியை 'கட்டாயம்' என்றும் படிக்கலாம், 'அவளுக்குத் தெரியும்' என்றும் படிக்கலாம், 'இனி என்றென்றும்' என்றும் படிக்கலாம், 'இந்த நிரல் ஓடி முடிந்ததும்' என்றும் படிக்கலாம். சி. ஐ. லூயிஸ் 1918-இல் கட்டாயத்துக்கும் வாய்ப்புக்குமான தர்க்கத்தை ஒரு நூலில் தந்தார். 1932-இல் லாங்ஃபோர்டுடன் சேர்ந்து எஸ்1 முதல் எஸ்5 வரை ஐந்து அமைப்புகளை வரிசைப்படுத்தினார். விதிகள் இருந்தன; அவை எதைப் பற்றியவை என்பதற்கு எல்லோரும் ஒப்பும் படம் இல்லை. அந்தப் படத்தை வரைந்தவர்கள் சிலர். அவர்களில் அமெரிக்காவின் ஒமாஹா நகரத்துப் பள்ளி மாணவன் சால் கிரிப்கியின் பெயரே நிலைத்தது. அவருடைய முதல் முழுமைத் தேற்றக் கட்டுரை 1959-இல் அச்சானபோது அவருக்கு வயது 18. எந்த உலகிலிருந்து எந்த உலகுக்குத் தடம் உண்டு என்ற படகுப் பாதை 1963-இல் வெளியான அவருடைய கட்டுரையில் முழுதாக வந்தது.

இனிதான் திரைமறைவு!

இந்த விளையாட்டுக்கு விதிகள் எத்தனை வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? சாதாரணத் தர்க்கம் (ஆகவே, அல்லது, இல்லை) கையில் இருக்கட்டும். அதற்குமேல் இரண்டே இரண்டு. முதலாவது: 'போகுமிடமெல்லாம், மழை என்றால் சேறு' என்பதும் 'போகுமிடமெல்லாம் மழை' என்பதும் இருந்தால், 'போகுமிடமெல்லாம் சேறு' என்று முடிக்கலாம். இரண்டாவது: ஒரு வாக்கியத்தை விதிகளாலேயே நிரூபித்துவிட்டால், அதன் முன்னால் 'போகுமிடமெல்லாம்' போட்டுக்கொள்ளலாம். அவ்வளவுதான். கிரிப்கியின் பெயரின் முதல் ஆங்கில எழுத்தால் இதற்குக் 'கே' என்று பெயர்.

இந்த விதிகளால் நிரூபித்த எதுவும் எந்தத் தீவிலும், எந்த வானிலையிலும், எந்தப் படகு அட்டவணையிலும் பொய்யாகாது. அதைச் சரிபார்க்க ஒரு மாலைப்பொழுது போதும். மலைக்க வைப்பது எதிர்த்திசை: எல்லா வரைபடத்திலும், எல்லா வானிலையிலும், எல்லாத் தீவிலும் மெய்யாக இருக்கும் ஒவ்வொரு வாக்கியமும் இந்த இரண்டு குட்டி விதிகளால் நிரூபணமாகுமா? ஒன்றுகூடத் தப்பாதா? இதுதான் முழுமை. வரைபடங்கள் முடிவில்லாதவை, ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க முடியாது. எனவே கேள்வியைத் திருப்பிப் போடுகிறார்கள்: ஒரு வாக்கியத்தை நிரூபிக்கவே முடியவில்லை என்றால், அது பொய்யாகும் தீவு ஒன்று எங்காவது இருக்கிறது என்று காட்டு.

எங்கே போய்த் தேடுவது? கையில் தீவு இல்லை, கடல் இல்லை, படகு இல்லை. இருப்பது வாக்கியங்கள் மட்டும்.

அப்படியானால் வாக்கியங்களாலேயே தீவுகளைக் கட்டிவிடு! இதுதான் கேனானிகல் மாடல். இதைச் செய்துகாட்டத்தான் உங்களை இவ்வளவு தூரம் அழைத்து வந்தேன்.

நிரூபிக்க முடியாத வாக்கியத்தை எடுத்து, அதன் மறுப்பைக் கப்பலின் பதிவேடு போன்ற ஒரு வெற்றுப் புத்தகத்தில் முதல் வரியாக எழுதுங்கள். இப்போது இந்த மொழியில் சொல்லக்கூடிய எல்லா வாக்கியங்களையும் வரிசையாக நிறுத்துங்கள். முடிவில்லாத வரிசை, ஆனாலும் வரிசைதான்: முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று எண்ணலாம். ஒவ்வொன்றாக அழையுங்கள். பதிவேட்டில் ஏற்கெனவே இருப்பவற்றோடு முரண்படாமல் இதைச் சேர்க்க முடியுமா? முடிந்தால் சேர். முடியாவிட்டால் இதன் மறுப்பைச் சேர். அது நிச்சயம் முரண்படாது. வரிசை முழுவதும் இப்படிக் கடந்து முடித்தால் ஒரு விசித்திரப் புத்தகம் கிடைக்கிறது. எந்த வாக்கியத்தைக் கேட்டாலும் ஆம் அல்லது இல்லை என்று பதில் வைத்திருக்கும். எங்கும் முரண் இருக்காது. இனி ஒரு வரியைக்கூடச் சேர்க்க இடமிருக்காது. இதைக் கணினியில் ஓட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. அப்படி ஒரு பதிவேடு இருக்கிறது என்பதே போதும்.

இந்தக் கட்டுமானத்துக்குச் சொந்தக்காரர் போலந்தின் அடால்ஃப் லிண்டன்பாம். அவர் இதைத் தன் பெயரில் விரிவாக எழுதி வெளியிடவில்லை. 1930-இல் தர்க்கவியலார் தார்ஸ்கி அவர் பெயரைச் சொல்லி அச்சில் ஏற்றினார். 1941-இல் வில்னியஸ் அருகே பொனாரிக் காட்டில் நாஜிகள் லிண்டன்பாமைக் கொன்றார்கள். இன்று உலகில் எந்த மூலையில் எந்த மாணவி முழுமைத் தேற்றம் படித்தாலும் அவருடைய பெயரை உச்சரிக்காமல் அடுத்த பக்கம் போக முடியாது. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

சரி, ஒரு பதிவேடு ஒரு தீவு. இப்படி எத்தனை பதிவேடு சாத்தியமோ அத்தனையும் தீவுகள்! மழை, சேறு, தேங்காய், வெயில் என்று அடிப்படை வாக்கியங்கள் முடிவில்லாமல் இருக்குமானால், ஒவ்வொன்றுக்கும் ஆம் என்றோ இல்லை என்றோ தேர்ந்தெடுக்கும் வழிகளே எண்ணி மாளாது. அந்தமானின் 836 எங்கே, மெய்யெண்கள் அளவுக்கு மண்டிக் கிடக்கும் இந்தத் தீவுக்கூட்டம் எங்கே!

தீவுகள் வந்துவிட்டன, படகுகள்? பதிவேடு 'அ'-விலிருந்து பதிவேடு 'ஆ'-வுக்கு எப்போது படகு விடுவது? 'அ'-வே அதைச் சொல்கிறது. 'போகுமிடமெல்லாம் இன்னது' என்று 'அ'-வில் எழுதியிருக்கும் ஒவ்வொரு இன்னதும் 'ஆ'-வில் இருக்குமானால், படகு விடு. ஒன்று குறைந்தாலும் விடாதே. யாரையும் கேட்காமல், எந்த அட்டவணையும் பார்க்காமல், பதிவேடுகளை ஒப்பிட்டே தடங்கள் போட்டாகிவிட்டது. வானிலை? 'மழை' என்று எழுதியிருக்கும் பதிவேட்டில் மழை பெய்கிறது, அவ்வளவுதான்.

இனி நிரூபிக்க வேண்டியது ஒரே வரி: பதிவேட்டில் எழுதியிருப்பதும் அந்தத் தீவில் உண்மையில் நடப்பதும் ஒன்றே. குட்டி வாக்கியங்களுக்கு இது வெளிப்படை. 'இல்லை', 'அல்லது' எல்லாம் எளிதில் ஏறிக்கொள்ளும். சிக்கல் ஒரே இடத்தில். அங்கேதான் நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவேன்.

'அ'-வின் பதிவேட்டில் 'போகுமிடமெல்லாம் மழை' என்ற வரி இல்லை என்று வையுங்கள். அப்படியானால் 'அ'-விலிருந்து படகு போகும் தீவு ஒன்றிலாவது மழை பெய்யாமல் இருக்க வேண்டும். அந்தத் தீவை யார் தருவார்கள்? நாமே செய்வோம். 'போகுமிடமெல்லாம்' என்று 'அ' சொல்லும் விஷயங்களை எல்லாம் அள்ளி ஒரு புதுப் புத்தகத்தில் போடு. கடைசி வரியாக 'மழை இல்லை' என்று சேர். இந்தப் புத்தகம் முரணில்லாமல் இருந்தால் லிண்டன்பாம் அதை முழுப் பதிவேடாக வளர்த்துத் தந்துவிடுவார். அதற்குப் படகும் தானாக இருக்கும். மழை அங்கே இருக்காது. வெற்றி!

ஒருவேளை முரண்பட்டால்? முரண் என்றால் அதற்கு ஒரு நிரூபணம் உண்டு. நிரூபணம் எப்போதும் முடிவுள்ளது. எனவே அள்ளியவற்றில் சிலவே, ஐந்து என்று வைப்போம், சேர்ந்து 'மழை' என்ற முடிவைத் தந்திருக்க வேண்டும். 'இந்த ஐந்தும் என்றால் மழை' என்பது நிரூபணமான வாக்கியம். இரண்டாம் விதி என்ன சொன்னது? நிரூபித்ததன் முன்னால் 'போகுமிடமெல்லாம்' போடலாம். போட்டாகிவிட்டது. முதல் விதி என்ன சொன்னது? அந்தச் சொல்லை ஒவ்வொரு பகுதிக்கும் பிரித்துக் கொடுக்கலாம். பிரித்தாகிவிட்டது. 'போகுமிடமெல்லாம்' என்று தொடங்கும் ஐந்து வரிகளும் 'அ'-வில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆகவே 'போகுமிடமெல்லாம் மழை' என்பதும் 'அ'-வில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் இல்லை என்றல்லவா தொடங்கினோம்! எனவே முரண்பாடு வராது, தீவு உண்டு.

பார்த்தீர்களா? அந்த இரண்டு விதிகளும், இரண்டே இரண்டு விதிகளும், சரியாக இந்த இடத்தில்தான் வந்து தோள்கொடுக்கின்றன. ஒன்று குறைந்திருந்தாலும் இங்கே தடுக்கி விழுந்திருப்போம். மூன்றாவதாக ஒன்று வேண்டியிருக்கவே இல்லை. இந்தப் பத்தியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அதே சிலிர்ப்பு.

இன்னும் ஒன்று. நிரூபிக்க முடியாத வாக்கியம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரைபடம் தேட வேண்டியதில்லை. இந்த ஒரே வரைபடத்தில் அவை அனைத்தும் எங்காவது ஒரு தீவில் பொய்யாகிவிடுகின்றன. இந்த வரைபடம் முழுவதும் மெய்யாக இருப்பதும் விதிகளால் நிரூபணமாவதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. நம் மொட்டைப் பாறையும் இங்கே உண்டு: 'போகுமிடமெல்லாம் மழை பெய்கிறது, பெய்யவும் இல்லை' என்று எழுதிய பதிவேட்டிலிருந்து படகே கிளம்பாது, ஏனென்றால் அதை ஏற்கும் முரணில்லாத பதிவேடு உலகிலேயே இல்லை. பாறையை யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. விதிகளே அதற்கு இடம் விட்டிருந்தன.

வாக்கியங்களை அடுக்கியே ஒரு உலகத்தைக் கட்டலாம் என்று காட்டியவர் லியான் ஹென்கின். பிரின்ஸ்டனில் அலோன்சோ சர்ச்சிடம் ஆய்வு செய்து, முதல்நிலைத் தர்க்கத்துக்குக் கேடல் தந்திருந்த முழுமைத் தேற்றத்துக்கு 1949-இல் புது நிரூபணம் தந்தார். கிரிப்கி மோடல் தர்க்கத்துக்குக் கையாண்டது வேறு வழி, மரம்போலக் கிளைக்கும் அட்டவணைகள். ஹென்கினின் வழியை மோடல் தர்க்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான டேவிட் மேக்கின்சன் 1966-இல் தன் கட்டுரையை வெளியிட்டார். அதே ஆண்டு மலையேற்றத்தில் இறந்துபோன ஜான் லெம்மன், டானா ஸ்காட்டுடன் சேர்ந்து எழுதிவைத்த குறிப்புகள் கைக்குக் கை பரவி, 1977-இல்தான் நூலாயின.

இனி விதிகளைச் சேர்த்து விளையாடலாம். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் போன படகு திரும்பி வரும் அல்லவா? 'போனால் திரும்பலாம்' என்பதை நம் மொழியில் எப்படிச் சொல்வது? 'மழை என்றால், போகுமிடமெல்லாம், போகுமிடம் ஒன்றிலாவது மழை'. இங்கே பெய்கிறது, எங்கே போனாலும் அங்கிருந்து இங்கே திரும்பும் படகு உண்டு, ஆகவே அங்கிருந்து பார்த்தால் மழையுள்ள தீவு ஒன்றாவது உண்டு. இதை மூன்றாவது விதியாகச் சேர்த்துவிட்டுப் பழைய கட்டுமானத்தையே நடத்துங்கள். கேனானிகல் மாடலில் எல்லாப் படகும் தானாகவே இருவழியாகிவிடுகிறது! 'அ'-விலிருந்து 'ஆ'-வுக்குப் படகு உண்டு, திரும்ப இல்லை என்று வையுங்கள். அப்படியானால் 'ஆ'-வில் 'போகுமிடமெல்லாம் இன்னது' என்று இருக்கும், 'அ'-வில் அந்த இன்னது இருக்காது, அதன் மறுப்பே இருக்கும். புது விதிப்படி 'போகுமிடமெல்லாம், போகுமிடம் ஒன்றிலாவது அந்த மறுப்பு' என்பது 'அ'-வில் வரும். படகு ஏறி 'ஆ'-வுக்குப் போகும். அங்கே எழுதியிருப்பதோடு மோதும். முடிந்தது.

ஹேவ்லாக் போய் அங்கிருந்து நீல் போகலாம், நேராகவும் நீல் போகலாம். இப்படி இரண்டு படகில் போகுமிடத்துக்கெல்லாம் ஒரே படகு உண்டு என்பதற்கும் ஒரு வாக்கியம் உண்டு. நின்ற இடத்திலிருந்து அதே இடத்துக்குப் படகு என்பதற்கும் உண்டு. இரண்டும் இதே போல ஒரே மூச்சில் ஏறிவிடும். எந்த வடிவ வாக்கியங்களுக்கெல்லாம் இந்த மாயம் நடக்கும் என்ற பெரிய பட்டியலை நார்வேயின் ஹென்ரிக் சால்குவிஸ்ட் 1975-இல் அச்சில் தந்தார்.

எல்லாத் தர்க்கத்துக்கும் நடக்கும் என்று ஆசைப்பட்டுவிட வேண்டாம். 1974-இல் கிட் ஃபைனும் எஸ். கே. தாமசனும் தனித்தனியாக, எந்த வரைபடக் கூட்டத்தைக் கொண்டும் முழுமையாக்கவே முடியாத மோடல் தர்க்கங்களைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது பேய்த்தீவின் கதை. அதில் நம்மவர் ஒருவர் வருகிறார்.

'எத்தனை படகு ஏறினாலும் போகுமிடமெல்லாம் மழை' என்ற புதுச் சொல்லை மொழியில் சேருங்கள். ஏறாமல் நின்றாலும், ஒரு படகு ஏறினாலும், நூறு படகு மாறினாலும் இறங்குமிடத்தில் மழை. கணினி நிரல்களுக்கான தர்க்கத்தில் 'இந்தக் கட்டளையை எத்தனை முறை திருப்பி ஓட்டினாலும்' என்பது இதுதான். இப்போது ஒரு பதிவேட்டைத் தொடங்குவோம். 'இங்கே மழை.' 'ஒரு படகில் போகுமிடமெல்லாம் மழை.' 'இரண்டு படகில் போகுமிடமெல்லாம் மழை.' மூன்று, நான்கு என்று முடிவில்லாமல். கடைசியில்: 'எத்தனை படகு ஏறினாலும் மழை என்பது பொய்.' இது முரணா? நிரூபணம் முடிவுள்ளது, அதற்குள் இந்த வரிகளில் சிலவே நுழையும். அந்தச் சிலவற்றை மெய்யாக்கும் வரைபடம் உண்டு: நூறு படகுவரை மழை, நூற்றொன்றில் வெயில். ஆகவே முரண் வராது. லிண்டன்பாம் இதையும் முழுப் பதிவேடாக வளர்த்துவிடுவார். இதோ கேனானிகல் மாடலில் ஒரு பேய்த்தீவு! எத்தனை படகு என்று எந்த எண்ணைச் சொன்னாலும் மழை, ஆனாலும் ஏதோ ஒரு எண்ணிக்கையில் வெயில் என்று அதன் பதிவேடு அடம்பிடிக்கிறது. எழுதியதும் நடப்பதும் ஒன்றே என்ற நம் பொன்வரி இங்கே உடைகிறது.

இந்தத் தர்க்கத்துக்கான விதிகளை 1977-இல் கிறிஸ்டர் சேகர்பெர்க் முன்வைத்தார். அவை முழுமையானவை என்பதற்கு முதலில் வெளியான நிரூபணங்களில் ஒன்று, குஜராத்தின் பாலன்பூரில் 1936-இல் பிறந்த ரோஹித் பாரிக் 1978-இல் தந்தது. 1981-இல் டெக்ஸ்டர் கோசனும் அவரும் சேர்ந்து அதைச் சில பக்கங்களுக்குச் சுருக்கினார்கள். பேய்த்தீவை எப்படி விரட்டினார்கள் தெரியுமா? எல்லா வாக்கியங்களுக்கும் பதில் சொல்லும் பதிவேடு வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். எந்த ஒரு வாக்கியத்தைப் பொய்யாக்க வேண்டுமோ, அதற்குள் அடங்கும் சிறு வாக்கியங்களையும் அவற்றின் நெருங்கிய உறவினரையும் மட்டும் பட்டியலிடு. ஃபிஷரும் லாட்னரும் அந்தப் பட்டியல் எப்போதும் முடிவுள்ளது என்று காட்டியிருந்தார்கள். பட்டியலில் 20 வாக்கியம் என்றால் பதிவேடுகள் அதிகம் போனால் 10,48,576. பெரிய எண்தான், ஆனால் எண்!

இந்த முடிவுள்ள உலகத்தின் அழகைக் கேளுங்கள். தீவுகள் முடிவுள்ளவை என்பதால், 'இங்கிருந்து எத்தனை படகு ஏறியும் எட்டக்கூடிய தீவுகள் எல்லாம்' என்ற கூட்டத்தை ஒரே வாக்கியமாக எழுதிவிடலாம்: இந்தப் பதிவேடு, அல்லது அந்தப் பதிவேடு, அல்லது மற்றது. அந்த வாக்கியம் இங்கே மெய். அது மெய்யாக உள்ள எந்தத் தீவிலிருந்து ஒரு படகு ஏறினாலும் அடுத்த தீவிலும் மெய். சேகர்பெர்க்கின் விதிகளில் ஒன்று, பள்ளியில் படித்த கணிதத் தொகுத்தறிதலேதான், இதற்கென்றே காத்திருக்கிறது: அப்படியானால் எத்தனை படகு ஏறினாலும் மெய். முடிவில்லாத உலகத்தில் அந்தக் கூட்டத்தைச் சொல்ல வாக்கியமே கிடைக்காது, ஆகவே தொகுத்தறிதல் பிடிமானமில்லாமல் நிற்கும். உலகத்தைச் சுருக்கியதும் பிடிமானம் கிடைத்துவிட்டது.

இனி கடலைத் தாண்டி மெயின்லேண்டுக்கு வாருங்கள். சென்னை தரமணியில் 1962-இல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம், 1989-இல் தொடங்கி இப்போது சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகம்: இந்த இரண்டையும் சுற்றி, தர்க்கத்தைக் கணினிகளின் கூட்டுவாழ்க்கைக்குப் பயன்படுத்தும் ஒரு சிந்தனைப் பள்ளியே வளர்ந்தது. இந்தியத் தர்க்க மாநாடு 2009-இலும் 2013-இலும் சென்னையில் நடந்தது. பி. எஸ். தியாகராஜன் 1987-இல் கமல் லோடயாவுடனும், 1989-இல் மாதவன் முகுந்துடனும் சேர்ந்து, 'இது நடந்ததால் அது நடந்தது', 'இதுவும் அதுவும் ஒன்றையொன்று பாதிக்காமல் தனித்தனியே நடந்தன' என்ற உறவுகளைக் கொண்ட நிகழ்ச்சி அமைப்புகளுக்கு மோடல் தர்க்கம் எழுதினார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தில் பலர் அறிந்த ஆர். ராமானுஜம், லோடயாவுடனும் தியாகராஜனுடனும் 1992-இல் எழுதிய கட்டுரையில் உலகம் இப்படி: சில முகவர்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனி நாள்வரிசை, ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரிவது செய்தி வந்து சேரும்போது மட்டும். ஒருவர் மற்றவரைப் பற்றிப் பேசும் வாக்கியம், கடைசியாகக் கிடைத்த செய்தியின் நிலைமையையே பேசும்.

அந்தமான்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்! போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்குச் சுமார் 1,360 கிலோமீட்டர். ஹாடோ துறைமுகத்தில் ஏறினால் கப்பல் சுமார் மூன்று நாள் ஓடும். கப்பலில் வந்த கடிதத்தைச் சென்னையில் பிரிக்கும் அக்காவுக்குத் தெரிவது மூன்று நாளைக்கு முந்திய தம்பி. 'தம்பிக்குக் காய்ச்சல்' என்று அவள் சொன்னால் அது அந்தக் கடிதத்துத் தம்பியைப் பற்றிய மெய். இதற்குள் காய்ச்சல் விட்டிருக்கலாம், அது அவளுடைய பதிவேட்டில் இன்னும் வரவில்லை. 2020 ஆகஸ்ட் 10-இல் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் மற்றத் தீவுகளுக்குமாகச் சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் திறக்கப்பட்டது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும். சென்னைக்கு வரக் குறைந்தது சுமார் 7 மில்லிநொடி. மூன்று நாள் என்பது 7 மில்லிநொடி ஆனது, பூஜ்யம் ஆகவில்லை. தர்க்கத்தில் ஒரு விதிகூட மாற வேண்டியதில்லை.

பாரிக்கும் ராமானுஜமும் 1985-இலேயே இடம் பிரிந்து இயங்கும் கணினிகளின் அறிவைப் பற்றிச் சேர்ந்து எழுதியவர்கள். 2003-இல் இன்னொரு கட்டுரையில் ஒரு செய்திக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்கள். அவர்களுடைய பதில்: அனுப்புபவரும் பெறுபவரும் முன்கூட்டி அறிந்திருக்கும் நடைமுறையிலிருந்து. துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டை நினைத்துப் பாருங்கள். நம் துறைமுகங்களில் அது 1 முதல் 11 வரை. கம்பத்தில் தொங்கும் ஒரு வடிவத்துக்குத் தானாக எந்தப் பொருளும் இல்லை. எந்த வானிலைக்கு எந்த எண் என்று படகோட்டிக்கும் துறைமுகத்துக்கும் ஒரே நடைமுறை தெரிந்திருப்பதால்தான், 3-ஆம் எண்ணைப் பார்த்ததும் படகோட்டியின் பதிவேட்டில் சாத்தியமாக இருந்த உலகங்களில் பல அடிபட்டுப் போகின்றன. கூண்டே ஏறாத நாளிலும் அப்படித்தான்! ஏற்ற வேண்டிய வானிலை வந்தால் ஏற்றியிருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். வெறும் கம்பத்தைப் பார்த்தே 'புயல் இல்லை' என்ற வரி அவருடைய பதிவேட்டில் ஏறிவிடுகிறது, அவர் வலையை எடுத்துப் படகில் போடுகிறார்.